கால் தொங்காத பை

“உது பிள்ளை தூக்கிற பையோ, தேங்காய் தூக்கிற பையோ?” என்று சிவக்கொழுந்து கேட்டபோது, கோப்பாயில் அந்த வீட்டு விறாந்தையில் இருந்தவர்கள் இவர்கள்தான்: ஓய்வுபெற்ற தபாலதிபர் முத்துக்குமாரு, அவர் மனைவி பராசக்தி, மருமகள் பாலேஸ்வரி, அவளுடைய மூன்று மாதப் பெண்குழந்தை, தையற்காரர் கிறகோரி, பண்டத்தரிப்பிலிருந்து வந்திருந்த முத்துக்குமாருவின் தமக்கை சிவக்கொழுந்து. பிறகு ஊரில் வாய் கிழியக் கதைத்தவர்கள் ஒருவரும் அங்கே இருக்கவில்லை.

மேசையில் இரண்டு பைகள் கிடந்தன. ஒன்று லண்டனிலிருந்து குழந்தையின் தகப்பன் அனுப்பியது. நீல நிறம், பளபளக்கும் கொளுக்கிகள். மற்றது கிறகோரி மெத்தைச் சீலையில் தைத்துக்கொண்டு வந்தது.

“லண்டன் பை சரிவராது,” என்றார் முத்துக்குமாரு. “பிள்ளையை வைச்சுப் பார்த்தனான். நடுவிலை ஒரு ஒடுங்கின துண்டு. ரெண்டு காலும் தோரணம் மாதிரித் தொங்குது.”

“அவன் ஆசையாய் அனுப்பினவன்,” என்றாள் பராசக்தி.

“அவன்ரை ஆசைக்காக என்ரை பேத்தியின்ரை இடுப்பைக் குடுக்கேலாது. அக்கா சொன்ன மாதிரி அதிலை தேங்காயைப் போட்டு வையும்.”

குழந்தை கால் முன்னால் வந்து பிறந்தது. இடுப்பு மூட்டு இன்னும் இறுகவில்லை, தொடைகள் விரிந்து முழங்கால்கள் உயர்ந்திருக்கும்படிதான் தூக்கவேண்டும், நீட்டித் தொங்கவிட்டால் மூட்டு விலகி, நடக்கும் வயதில் பிள்ளை நொண்டக்கூடும் என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

அது தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு. போர்க்காலப் பொருளாதாரத் தடையால் பால்மா கண்ணிலும் படவில்லை. பாலேஸ்வரியின் பிரசவ லீவு முடிந்துவிட்டது. திங்கட்கிழமை அவள் நீர்வேலியில் படிப்பிக்கப் போகவேண்டும். பிள்ளைக்குத் தாய்ப்பால் வேண்டுமானால் பிள்ளையும் பள்ளிக்கூடம் போகவேண்டும். பெற்றோல் இல்லாத ஊரில் சைக்கிள்தான் வாகனம். சைக்கிளுக்கோ இரண்டு கையும் வேண்டும்.

“பெண்பிள்ளையைக் காலை அகட்டிக் கட்டினால், வளர்ந்தாப்பிறகும் அகட்டித்தான் நடக்கும்,” என்றாள் சிவக்கொழுந்து. “நாங்கள் குளிக்க வார்த்து, காலை நீட்டி நீவி, சீலையாலை இறுக்கிச் சுத்தி வளர்த்தனாங்கள்.”

“சுத்தினது கொஞ்ச நேரம். மிச்ச நேரமெல்லாம் என்னை எங்கை வைச்சுத் திரிஞ்சனீங்கள்? இடுப்பிலை. காலை அகட்டித்தானே?”

“அது இடுப்பு, தம்பி. உது பை. நீ பெத்த பிள்ளையளையே படலைக்கு வெளியிலை தூக்கிக்கொண்டு போகாதவன். எனக்குப் பிள்ளை தூக்கப் படிப்பிக்கிறாய்.”

பாலேஸ்வரி குழந்தையின் வாயைத் துடைக்கும் சாட்டில் தலையைக் குனிந்துகொண்டாள்.

கிறகோரி அளவுநாடாவை எடுத்தார். “ஐயா, தோள்வார் இன்னும் பொருத்தேல்லை. தங்கச்சியின்ரை அளவு...” என்று பாலேஸ்வரி பக்கம் திரும்பினார்.

“தேவையில்லை.” முத்துக்குமாரு எழுந்து, சால்வையைக் கதிரையில் போட்டார். “என்னிலை வைச்சு அளவெடும்.”

சிவக்கொழுந்தின் முகம் அன்று முதன்முறையாகத் தெளிந்தது. “அதுதான் முறை. வீட்டுப் பொம்பிளையிலை பிற ஆம்பிளை நாடா பிடிக்கிறதோ? எண்டாலும் தம்பி, அவள் ஈர்க்கு மாதிரி. உன்ரை தோளுக்குத் தைச்சால் அவளுக்குத் தொளதொளக்கும்.”

“அளவு சரியாய் இருக்கும்,” என்றார் அவர்.

வாரைப் பொருத்திக் குழந்தையை வைத்துப் பார்த்தார்கள். துணி பாதித் தொடையோடு நின்றுவிட்டது.

“கிறகோரி, லண்டன் பையைப் பார்த்துக் கொப்பியடிச்சிருக்கிறீர். நான் உமக்கு என்ன சொன்னனான்? ஒரு முழங்காலிலையிருந்து மற்ற முழங்கால்வரை துணி தாங்கவேணும். பிள்ளை தவளை மாதிரிக் குந்தியிருக்கவேணும்.”

“சீலை காணாது ஐயா. கடையிலையும் இல்லை.”

“என்ரை சால்வை கிடக்கு. வெட்டும்.”

“ஐயோ, அது சபைக்குப் போட்டுக்கொண்டு போற சால்வை,” என்றாள் பராசக்தி.

“வெட்டச் சொன்னனான்.”

கிறகோரி வெட்டினார். அங்கேயே இருந்து கைத்தையல் போட்டார். இம்முறை குழந்தையின் முழங்கால்கள் மேலே எழுந்தன. அது முத்துக்குமாருவின் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சில் வீணீர் வடித்தது. சிரிக்க ஒருவருக்கும் துணிவில்லை.

“கடைசியாய்க் கேக்கிறன்,” என்றாள் சிவக்கொழுந்து. “இந்த வீட்டு மருமகள் நெஞ்சிலை பிள்ளையைக் கட்டிக்கொண்டு நடுரோட்டாலை சைக்கிள் ஓடினால் சனம் என்ன சொல்லும்? எங்கடை அப்பு இருந்தால் விடுவாரோ?”

“அக்கா, என்ரை பேத்தி நொண்டக்கூடாது. பிள்ளை சைக்கிளிலைதான் போகும். இந்த வீட்டு மரியாதையை ஆரும் எனக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.”

அதற்குமேல் விளக்கம் சொல்வது அவர் வழக்கமல்ல.

சிவக்கொழுந்து தேத்தண்ணியைத் தொடாமல் புறப்பட்டாள். போகிற வழியில் வாயை மூடிக்கொண்டு போகவுமில்லை. ஞாயிறு மாலைக்குள் கோயில் வீதியிலும் சங்கக்கடையிலும் ஒரே கதை: லண்டன் காசு வந்ததும் முத்துக்குமாரு வீட்டு மருமகளுக்குத் தலைகால் தெரியவில்லை, பிள்ளையை நெஞ்சில் கட்டிக்கொண்டு சைக்கிளில் ஊர்கோலம் போகப்போகிறாள், மாமனார் வீட்டில் கையைக் கட்டிக்கொண்டு இருக்கப்போகிறார்.

அது பொய். திங்கட்கிழமை பாலேஸ்வரி தனியாகத்தான் பள்ளிக்கூடம் போனாள்; இடைவேளை மணி அடித்தபோது, பேத்தியை நெஞ்சோடு கட்டிக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் சைக்கிளை விட்டு இறங்கியவர் முத்துக்குமாரு.