தொண்ணூற்றாறாம் பக்கம்

"தொண்ணூத்தாறு பக்கம்! அதுக்கு மேல முடியலையாம் துரைக்கு!"

ஃபோர்மேன் புத்தகத்தை கேன்டீன் மேஜையில் அறைந்த வேகத்தில் தண்ணீர் டம்ளர் கவிழ்ந்தது.

வெல்டர் தலையைக் குனிந்துகொண்டு டிபன் டப்பாவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

முந்தாநாள் இதே மேஜையில் அவர்தான் கேட்டார். "வீட்ல இருக்கறதெல்லாம் படிச்சு முடிச்சாச்சு. கை பரபரங்குது. நல்ல புக்கா ஒண்ணு சொல்லுங்கப்பா."

டைம்கீப்பர், ஸ்டோர்கீப்பர், எலெக்ட்ரீஷியன் மூவரும் ஃபோர்மேன் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னது ஃபோர்மேனின் புத்தகத்தைத்தான். வெள்ளத்தைப் பற்றிய ஒரு பழைய நாவல்.

வாலிப வயதில் அதை நூலகத்தில் எடுத்துப் படித்து அழுதவர் ஃபோர்மேன். முப்பது வருஷம் தேடி, போன வருஷம்தான் சொந்தமாக ஒன்று வாங்கினார். வாங்கிய அன்றே, அவர் புரட்டிப் பார்ப்பதற்குள், டைம்கீப்பர் கேட்டு வாங்கிப் போனார். அப்புறம் கைமாறிக்கொண்டே இருந்தது. ஃபோர்மேனுக்கு அதில் தலைகால் புரியாத பெருமை.

அப்பேர்ப்பட்ட புத்தகத்தை ஒருத்தன் பாதியில் திருப்பிக் கொடுத்தால்?

"இவங்கல்லாம் படிக்கலையா? ஏம்ப்பா, நீ சொல்லு!"

"நடுவுல ஒரு இடம் வருமே சார்... ஐயோ!" என்றார் டைம்கீப்பர்.

"படகு வர்ற இடமா?"

"அதேதான் சார்! கண்ணு கலங்கிடுச்சு."

"நான் அதை ரெண்டு தடவ படிச்சேன் சார்," என்றார் ஸ்டோர்கீப்பர். எலெக்ட்ரீஷியன் வாய் நிறையச் சாப்பாட்டோடு தலையை ஆட்டினார்.

"கேட்டியா? பன்னெண்டு வருஷமா உன்னைப் பெரிய ரசிகன்னு நம்பினேன் பாரு, என் புத்தியைச் சொல்லணும். பிடிக்கலைன்னா நேரா சொல்லிட்டுப் போயேன்!"

"பிடிக்காம இல்லண்ணே..."

"பின்னே என்ன கேடு?"

வெல்டர் மற்ற மூவரையும் ஒரு தரம் பார்த்தார்.

"அதுக்கு மேல போக முடியலைண்ணே. விடுங்க."

"விட்டாச்சு! இனிமே புக்கு கிக்குன்னு என்கிட்ட வராதே. இந்த மேஜைப் பக்கமே வராதே!"

வெல்டர் டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

"விடுங்க சார், எல்லாத்துக்கும் ஒரு ரசனை வேணும்," என்று மூவரும் மாற்றி மாற்றிச் சமாதானம் சொன்னார்கள். மணி அடித்ததும் கலைந்தார்கள்.

ஃபோர்மேனுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அப்படி என்ன எழவு இருக்கிறது அந்தப் பக்கத்தில்? புரட்டினார்.

தொண்ணூற்றாறு. வாசலில் இடுப்பளவு தண்ணீர். படகில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் இடம். அக்கா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

அடுத்த பக்கம் வெறும் வெள்ளைத்தாள்.

அதற்கடுத்ததும் அப்படியே. நூற்று இருபத்தெட்டு வரைக்கும் ஓர் எழுத்துகூட அச்சாகவில்லை.

கண்ணு கலங்கிடுச்சாம். ரெண்டு தடவ படிச்சாராம்! அந்த மூவருக்கும் ஷிஃப்ட் போடுவது தன் கைதான் என்பது இப்போதுதான் அவருக்கு உறைத்தது.

வெல்டிங் பகுதிக்கு ஓடினார்.

"ஏய்யா, அங்கேயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? அந்த மூணு பேர் மானமும் அங்கேயே போயிருக்கும்!"

வெல்டர் முகக்கவசத்தை மேலே தூக்கினார். "அதான் சொல்லலை. சொல்லியிருந்தா நாளைக்கு யாரோட உக்காந்து சாப்பிடுவீங்க?"

ஃபோர்மேன் பக்கத்தில் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அது கிடக்கட்டும்ண்ணே. நேத்துலேர்ந்து மண்டை காயுது. அந்த அக்கா படகுல ஏறினாளா இல்லையா? முதல்ல அதைச் சொல்லுங்க."