இன்னும் பதினைந்து புள்ளி

இசக்கிராஜா விட்ட குத்தில் டாக்டர் தில்லைநாயகத்தின் இடது கண் வீங்கி மூடிக்கொண்டது. "எங்கப்பா வயித்துல புத்துக் கட்டியை முழுசா எடுத்துட்டேன்னு சொன்னீருல்லா, இப்ப எப்பிடிவே திரும்ப வந்துச்சு?" என்று கத்தியவனைக் காவலாளிகள் வெளியே சுவரோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருந்தார்கள். உள்ளே, சிகிச்சை மேசையில் அவன் அப்பா மயக்கத்தில் கிடந்தார்.

"ஒத்தக் கண்ணோட எப்பிடி சார் பாப்பீங்க?" என்றாள் நர்ஸ் எஸ்தர்.

"திரையில படம் தட்டையாத்தானம்மா இருக்கு. ஒரு கண்ணு போதும்."

கேமரா குழாயை வயிற்றுக்குள் இறக்கினார். போன வருஷம் அவர் வெட்டிய தழும்பு வெள்ளையாகத் தெரிந்தது. சுற்றிலும் நல்ல சதை போலத்தான் இருந்தது. அன்று இந்த வெள்ளை வெளிச்சத்தில் பார்த்ததோடு சரி. அன்றைக்கு வெளியே இன்னும் பதினோரு நோயாளிகள் காத்திருந்தார்கள். இப்போது நீல ஒளிக்கு மாற்றினார். தழும்பை ஒட்டியே பழுப்பாக ஒரு திட்டு எழும்பி வந்தது.

"அவனை உள்ள விடச் சொல்லு."

"கொன்னுருவான் சார்."

"விடச் சொல்லும்மா."

இசக்கிராஜா அவர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றான். டாக்டர் திரும்பவில்லை. "இந்தா பாருங்க தம்பி. புத்து இதுவரைக்கும் இருந்திருக்கு, நான் வெட்டுறத இங்கயே நிறுத்திட்டேன். தப்பு என்னோடதுதான்."

திரைக் கண்ணாடியில், அப்பாவின் வயிற்றுப் படத்தின் மேலேயே, பின்னால் நின்றவனின் மடங்கிய முஷ்டி நிழலாகத் தெரிந்தது. டாக்டர் காலடியில் இருந்த மின்சூட்டுப் பெடலை மிதித்தார். திட்டுக்கு வெளியே, நல்ல சதையில், வெட்ட வேண்டிய எல்லையைக் குறிக்கும் முதல் புள்ளி புகைந்து பொசுங்கியது.

"இப்பிடி சுத்தி இன்னும் பதினஞ்சு வச்சு, அதுக்கு உள்ள வெட்டி எடுக்கணும்," என்றார். "அதுவரைக்கும் என் கை ஆடக் கூடாது."