தொட்டிக்கு வளைகாப்பு

சேலை போதவில்லை.

தண்ணீர்த் தொட்டியின் ஒரு தூணைச் சுற்றவே மூன்று சேலைகள் ஆகிவிட்டன. நான்காவதை அவள் தன் வீட்டிலிருந்து எடுத்து வந்தாள். பீரோவின் அடித்தட்டில் பிரிக்காமல் கிடந்த அரக்குப் பட்டு. எதற்காக வாங்கியது என்று யாரும் கேட்கவில்லை. அவளும் யோசிக்கவில்லை.

தொட்டி கட்டி ஏழு வருடம். இன்றுவரை ஒரு சொட்டுத் தண்ணீர் மேலே ஏறவில்லை.

அதனால் வளைகாப்பு.

‘ஏழு வருஷமாகியும் வயிறு நிறையாத எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு’ என்று அழைப்பிதழ் அடித்திருந்தாள். பிறந்த வீட்டார் என்ற இடத்தில் நகராட்சியின் பெயர். ஊரே சிரித்தது.

அவள் வேலையே அதுதான். வாரப் பத்திரிகையில் நகைச்சுவைப் பத்தி எழுதுவாள். எழுதி அலுத்தால் தெருவில் இறங்கிவிடுவாள். எரியாத தெருவிளக்குக்குச் சால்வை போர்த்திப் பணி ஓய்வு கொடுத்தாள். கடைவீதிக் குழிக்குப் பிறந்தநாள் கொண்டாடினாள். அதிகாரிகள் வந்தார்கள், வாய்விட்டுச் சிரித்தார்கள், கேக்கும் சாப்பிட்டார்கள். குழி இன்னும் சௌக்கியமாக இருக்கிறது.

சிரித்தவன் தப்பித்துவிடுகிறான். அவள் இதை வெகு தாமதமாகத்தான் கண்டுபிடித்தாள்.

இந்தத் தடவையும் சிரித்துவிட்டுப் போனால் இனி எழுதுவதில்லை என்று கணவனிடம் சொல்லியிருந்தாள். அவன் நம்பவில்லை. அவள் நம்பினாள்.

காலை வெயில் இன்னும் சூடேறவில்லை. காற்றில் சேலைகள் உப்பின. ஒரு கணம் தொட்டி மூச்சு விடுவதுபோலத் தெரிந்தது.

பெண்கள் குடங்களோடு வந்தார்கள். தண்ணீர் லாரி வந்தால் ஓட வேண்டுமே. காலிக் குடங்களை ஓரமாக வைத்தார்கள். தூணடியில் ஒப்புக்கு ஒரு மணை போட்டார்கள். தூணுக்குச் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தார்கள். முதலில் வேப்பங்கொழுந்துக் காப்பு. பிறகு, கயிற்றில் கோத்த கண்ணாடி வளையல்கள், தூணை ஒட்டி மேலிருந்து இறங்கும் குழாயில். இலையில் புளிச்சோறு, தேங்காய்ச்சோறு, எலுமிச்சைச்சோறு.

விளையாட்டாகத்தான் தொடங்கினார்கள். கைகளுக்கு அது விளையாட்டு என்று தெரியவில்லை. யாரோ ஒருத்தி வளைகாப்புப் பாட்டை எடுத்தாள். ஒவ்வொருத்தியாகச் சேர்ந்துகொண்டார்கள்.

அவள் மைக்கோடு நின்றாள். ஒவ்வொரு வளையலுக்கும் ஒரு கேலி.

நகராட்சிப் பொறியாளர் திரவியம் வேப்பமர நிழலில் நின்று, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். பைக் சாவி அவர் விரலில் சுழன்றது.

போய்விடுவார்.

அப்போதுதான் மாடத்தியக்கா அவள் கையைப் பிடித்தாள். எதிர்வீட்டுக்காரி. மனசில் எதையும் வைத்துக்கொண்டு பேசத் தெரியாதவள்.

“ஏளா, தொட்டிக்கு ஆச்சுல்லா. அந்த மணையில நீ உக்காரு. அடுத்தது உனக்குத்தான்.”

வளைகாப்பு முடிந்த மணையில், பிள்ளை வேண்டி நிற்பவளை உட்காரவைத்து வளையல் அடுக்குவது எங்கள் பக்கத்து வழக்கம். மாடத்தியக்கா வழக்கத்தைத்தான் செய்தாள். உட்கார வேண்டியவளுக்கு நாற்பத்து மூன்று வயது என்பதும், இது வெறும் சிமெண்டுத் தொட்டி என்பதும் அந்த நேரத்தில் அக்காவுக்கு நினைவில்லை.

பாட்டு நின்றது.

மைக்கில் ஒரு கேலி வர வேண்டிய இடம். எல்லோரும் காத்திருந்தார்கள்.

மாமியாரைக் கிண்டலடித்து எழுதியிருக்கிறாள். கணவனின் குறட்டையை எழுதியிருக்கிறாள். தன் மூக்கைக்கூட விட்டதில்லை. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்ததை மட்டும் ஒரு வரி எழுதியதில்லை.

வயிறு நிறையாத பெண்.

அழைப்பிதழில் அதை எழுதிவிட்டுத் தானே சிரித்திருந்தாள். அது எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்தது.

வெட்கமாக இருந்தது. வலித்தது. மைக்கை வீசிவிட்டு வீட்டுக்கு ஓடிவிடலாம் போலிருந்தது.

மைக்கை அணைத்துக் கீழே வைத்தாள்.

மணையில் உட்கார்ந்தாள். முதுகைக் குழாயில் சாய்த்தாள். இரும்பு சில்லென்றிருந்தது. காற்றில் பிரிந்த அரக்குப் பட்டின் முந்தி அவள் தோளில் வந்து விழுந்தது. அவள் அதை விலக்கவில்லை.

இரண்டு கைகளையும் நீட்டினாள்.

யாரும் சிரிக்கவில்லை.

மாடத்தியக்கா சந்தனத்தைக் கன்னத்தில் தடவினாள். பெண்கள் வந்து வந்து வளையல் போட்டார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பச்சை, சிவப்பு, மறுபடி பச்சை.

வேப்பமரத்தடியில் சாவி சுழல்வது நின்றிருந்தது.

மாடத்தியக்கா அந்தப் பக்கம் திரும்பினாள். குரலில் கேலி இல்லை.

“பொறந்த வீட்டுச் சீரு எங்க சார்?”

திரவியம் தன் கைகளைப் பார்த்தார். பிறகு ஓரத்தில் இருந்த காலிக் குடங்களைப் பார்த்தார்.

வளையல் சத்தம் வயிற்றுப் பிள்ளைக்குக் கேட்கும் என்பார்கள். அவள் கைகளைத் தூக்கிக் குழாயோடு சேர்த்துக் குலுக்கினாள். சத்தம் இரும்பு வழியே மேலே ஏறிப் போனது. வெறுந்தொட்டிக்குள் சுற்றிச் சுற்றி அலைந்தது. வெகு நேரம் கழித்து, வேறு யாருடைய வளையலோ போல, மெல்லத் திரும்பி வந்தது.

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். திரவியமும்.

அவர் சாவியைச் சட்டைப்பையில் போட்டார். செருப்பைக் கழற்றினார். ஏழு வருடமாக யாரும் தொடாத துருப்பிடித்த ஏணியில் கால் வைத்தார்.

அவள் இன்னொரு தடவை குலுக்கினாள்.