முழு மலை

கல் குவாரி தின்று தீர்த்த எங்கள் ஊர்க் கரட்டு மலையை, சின்ன வயதில் பார்த்தபடி முழுசாக வரைந்து கண்காட்சியில் மாட்டியிருந்தேன். இந்த மலை இப்போது இல்லை என்று நான் சொன்னதும், படம் வாங்க வந்த அம்மாள் பெருமூச்சு விட்டார். "எந்தப் படுபாவி இதை உடைச்சானோ!" பக்கத்தில் டீ கப்போடு என் அப்பா மாரப்பன் நின்றிருந்தார். நான் பட்டம் வாங்கும்வரை அந்த மலைக்கு வெடி வைத்தவர். "எவனோ வயித்துக்கு இல்லாதவனுங்கம்மா" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். இவர்தான் உடைத்தார், அதைத் தின்றுதான் நான் படித்தேன் என்று கத்தியிருக்க வேண்டும். எதற்கெடுத்தாலும் சண்டைக்குப் போகிற நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். அந்த அம்மாள் நகர்ந்ததும் அப்பா படத்தருகே போனார். விரல் போன கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"ஏங்கண்ணு, இத்தனை அழகாவா இருந்துச்சு?"