வேப்பம்பூவும் மங்கையர்க்கரசியும்

பெண்கள் மனம்விட்டுப் பேசிக்கொள்ளும் ஓர் இணையதளத்தில், ஒரே கணக்கில் இரண்டு பெயர்கள் குடியிருந்தன. வாசலில் நின்று எல்லோரோடும் பேசுவது வேப்பம்பூ. கணக்குக்குச் சொந்தக்காரி தானே வைத்துக்கொண்ட புனைபெயர் அது. உள்ளறையில் கிடந்தது மங்கையர்க்கரசி, அவளுடைய நிஜப் பெயர்.

மங்கையர்க்கரசிக்குப் பொறுக்கவில்லை. "பெத்தவங்க வெச்ச பேரு நான் இருட்டுல கெடக்கேன். நேத்து வந்த சிறுக்கி நீ, ஊரெல்லாம் 'வேப்பம்பூ அக்கா'ன்னு கொண்டாடுது!"

"வெளிச்சம் உனக்கு ஆகாது அக்கா. புருஷன்கிட்ட அடிவாங்கினதையெல்லாம் அவ இங்கதான் சொல்லி அழுவுறா" என்றது வேப்பம்பூ.

ஒருநாள் தளத்தை நடத்துகிறவர்கள், இனி எல்லோருக்கும் நிஜப் பெயர்தான் தெரியவேண்டும் என்று மாற்றிவிட்டார்கள். வேப்பம்பூ உள்ளே போனது. மங்கையர்க்கரசி வாசலுக்கு வந்து, அவள் அதுவரை எழுதிய ஒவ்வொரு வரிக்கும் மேலே பெருமையாக உட்கார்ந்துகொண்டது.

சாயங்காலமே ஒரு குரல் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. அவளுடைய நாத்தனார்.

"மங்கையர்க்கரசி அண்ணி, இதெல்லாம் நீங்க எழுதினதா? அண்ணனும் பக்கத்துல உக்காந்துதான் படிக்கிறாரு."

அதற்கப்புறம் அவள் அந்தப் பக்கமே வரவில்லை. தோழிகள் வேப்பம்பூ அக்காவைத் தேடிக்கொண்டு, மங்கையர்க்கரசியைத் தாண்டித் தாண்டிப் போனார்கள்.

மங்கையர்க்கரசி உள்ளறைக் கதவைத் தட்டியது. "அடியே, நான் இருட்டுலயே கெடந்துக்கிறேன். நீ வெளிய வந்து ஒருதரம் கூப்பிடேன். உன் குரலுக்காவது வருவா."

"கூப்பிடுறேன் அக்கா" என்றது வேப்பம்பூ. "ஆனா அந்த வீட்டுல இப்ப அவ கையில போனு இருக்குமா?"