பந்து எழும்பாத மூலை

"வலது மூலையில ஒரு சாண் அளவுக்கு, பந்து விழுந்தா எழும்பவே கூடாது மாஸ்டர். அப்படிச் செய்ய முடியுமா?"

பட்டறைக்காரர் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, வந்தவரை ஏற இறங்கப் பார்த்தார்.

அதுவரை பேச்சு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. தோட்டத்தில் போட ஒரு டேபிள் டென்னிஸ் மேசை வேண்டும், வெயிலோ மழையோ எதற்கும் அசையக் கூடாது என்றார் வந்தவர். இவரும் உற்சாகமாகி பைப் கால், தண்ணீரில் ஊறாத ஷீட், துருப்பிடிக்காத போல்ட் என்று அடுக்கினார்.

"சின்ன வயசுல எங்க வீட்டுத் தண்ணித் தொட்டியோட சிமெண்ட் மூடிதான் மாஸ்டர் எங்களுக்கு மேசை. குறுக்கே செங்கல் அடுக்கினா அதுதான் வலை. மட்டை ஏது? பரீட்சை அட்டைதான்."

"நாங்களும் அதே கதைதான் சார்! பந்து நசுங்கினா வெந்நீர்ல போட்டு நிமித்துவோம். எங்கம்மா அடுப்படியிலேர்ந்து கரண்டியோட துரத்துவாங்க."

இருவரும் சிரித்து முடித்த பிறகுதான் இந்த மூலை விவகாரம் வந்தது.

"சார், மேசை முழுக்க ஒரே மாதிரி எழும்பணும். அதுக்குத்தான் ஜனங்க என்னைத் தேடி வர்றாங்க."

உண்மைதான். ரசமட்டம் வைத்து மட்டம் பார்க்காமல் ஒரு முக்காலியைக்கூட அவர் வெளியே அனுப்பியதில்லை. அதனால் அவர் பெயரே 'ரசமட்டம்' என்று ஆகிப்போனது.

"அந்த ஒரு மூலை மட்டும்தான். அடியில ரெண்டு போல்ட் போடாம விட்டாலே ஷீட்டு தொளதொளன்னு இருக்கும் இல்ல? மேலே பார்த்தா ஒண்ணும் தெரியக் கூடாது."

"ரெண்டு பக்கமுமா சார்?"

"ஒரே பக்கம்தான். யார் எந்தப் பக்கம் நிக்கணும்னு நான் பார்த்துக்கறேன்" என்று கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனார்.

ரசமட்டத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தலை நரைத்த வயதில் கள்ளாட்டமா? எவனோ ஒரு அப்பாவி நம்பி வந்து தோற்கப் போகிறான். அதற்கு என் கை உடந்தையா?

எல்லா போல்ட்டையும் போட்டார். அந்த மூலையில் மட்டும் ஒரு சுற்று கூடுதலாகவே இறுக்கினார். பந்து வாங்கி வந்து போட்டும் பார்த்தார். ஜோராகத் துள்ளியது.

ஞாயிற்றுக்கிழமை காலை மேசை தோட்டத்தில் இறங்கியது. மேசை கேட்டவர் பந்தைப் போட்டுக்கூடப் பார்க்கவில்லை, வீட்டுக்குள் ஓடினார். வேடிக்கையைப் பார்த்துவிட்டே போவோம் என்று ரசமட்டம் சாமான்களை மெதுவாக எடுத்துவைத்தார்.

உள்ளே போனவர் தனியாகத் திரும்பி வரவில்லை. இடது காலை இழுத்து இழுத்து நடக்கும் ஒரு பெரியவரைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார். பின்னாலேயே ஒரு அம்மாள் நாற்காலியைத் தூக்கி வந்து போட்டார்.

"எங்க வீட்டுக்காரர்" என்றார் அந்த அம்மாள், ரசமட்டத்தின் அருகில் வந்து மெல்ல. "பக்கவாதம் வந்ததிலேர்ந்து அஞ்சு மாசமா ரூமை விட்டு வெளிய வரலைங்க. டாக்டர் சொல்லியும் கேக்கலை, நான் அழுதும் கேக்கலை. இன்னிக்கு என் கொழுந்தனார் வந்து, 'அண்ணா, நம்ம செத்த மூலை வந்துருச்சு'ன்னார். உடனே இவர் சட்டையை எடுன்னுட்டார்."

"செத்த மூலையா?"

"பழைய தொட்டி மூடியில ஒரு மூலையில பந்து எழும்பாதாம். இவர் குறிபார்த்து அங்கேயே அடிச்சு ஜெயிப்பாராம். தெரிஞ்சும் ஒண்ணும் பண்ண முடியாம தம்பி தினம் அழுதுட்டே வீட்டுக்குள்ள வருவாராம்."

தம்பி நேராகப் போய் அந்த மூலை இருந்த பக்கத்தில் தானே நின்றுகொண்டார். தான் தோற்கத்தான் அந்த மூலையைக் கேட்டிருக்கிறார் என்று ரசமட்டத்துக்கு அப்போதுதான் புரிந்தது.

உட்கார்ந்தபடியே அண்ணன் அடித்த முதல் பந்து வலையில் விழுந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது, சொல்லிவைத்ததுபோல அந்த மூலைக்கே போனது. போய், துள்ளி எழுந்தது.

தம்பி ஒரு கணம் திகைத்தார். பிறகு மட்டையைக் காற்றில் வீசி, "ஐயோ, போச்சு!" என்றார்.

மறுபடியும் அதே மூலை, அதே துள்ளல், அதே "போச்சு!"

அண்ணன் மட்டையைக் கீழே வைத்தார். "கைகால்தான்டா விளங்கலை. கண்ணு நல்லாத்தான் தெரியுது. என்னை வெளிய இழுக்க இப்படி ஒரு பொய்யா? உள்ள கூட்டிட்டுப் போ."

தம்பி ரசமட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. ரசமட்டத்துக்கு அவமானமாக இருந்தது.

"ஐயா, ஒரு நிமிஷம்" என்று ஸ்பேனரோடு ஓடி வந்தார். "உங்க தம்பி பொய் சொல்லலை. அந்த மூலையைக் கேட்டு வாங்கினார். நான்தான் வேலையில கோட்டை விட்டுட்டேன்."

தன் வேலையில் குறை என்று அவர் வாயால் ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை. மேசைக்கு அடியில் புகுந்து இரண்டு போல்ட்டையும் கழற்றி எடுத்தார்.

அண்ணன் நம்பாமல்தான் மட்டையை எடுத்தார். இரண்டு பந்து வெளியே போயின. அடுத்தது மூலையில் 'பொத்'தென்று விழுந்து, அப்படியே படுத்துக்கொண்டது. திருப்பியடிக்கக் குனிந்த தம்பி வெறும் காற்றை அடித்துவிட்டு, "கள்ளாட்டம்!" என்று நிஜமாகவே கத்தினார்.

அண்ணனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"முன்னாடி நீ விட்டுக்கொடுத்த ரெண்டு பாயிண்டும் எனக்கு வேண்டாம்டா" என்றார். "இதுதான் ஒண்ணு. போடு அடுத்த பந்தை."