சொம்பும் குவளையும்

"ரெண்டையும் ஒண்ணாப் போட்டு உருக்க முடியுங்களா?" என்று கேட்டார் ராசாங்கம்.

லெப்பைக்குடிகாட்டில் ஹுஸ்னாவின் பட்டறைக்கு ஈயச் சாமான் கொண்டு வருகிறவர்கள் முதலில் விலையைத்தான் கேட்பார்கள். நசுங்கிய தட்டோ காதுடைந்த கோப்பையோ, எதுவானாலும் எடை போட்டு வாங்குவாள். உருக்கிக் கட்டியாக வார்த்து, பொம்மை செய்கிறவர்களுக்கு விற்பாள். கேட்டால் சின்னச் சாமான்களை அவளே வார்த்தும் கொடுப்பாள்.

வேப்பந்தட்டையிலிருந்து பஸ் மாறி வந்திருந்த இந்த இருவரும் விலைப் பேச்சே எடுக்கவில்லை. ராசாங்கத்தின் கையில் ரசம் வைக்கிற ஈயச்சொம்பு. கூட வந்த பரிமளா பையிலிருந்து எடுத்தது ஒரு மலேசியா பியூட்டர் குவளை.

"முடியும்ணே. இந்தக் கப்புலயும் பெரும்பங்கு ஈயந்தான். ஆனா ரெண்டும் நல்லா இருக்கே! ஒரு நெளிவு இல்ல. பாலிஷ் போட்டாப் புதுசாயிடும்."

"உருக்கத்தான் கொண்டாந்தோம்" என்றாள் பரிமளா.

பாவம், என்ன கஷ்டமோ என்று நினைத்தபடி ஹுஸ்னா கேஸ் அடுப்பைப் பற்றவைத்து இரும்புச் சட்டியை ஏற்றினாள். சொம்புக்காகக் கை நீட்டினாள். ராசாங்கம் கொடுக்கவில்லை.

"ஒரு நிமிசம்மா" என்று சொம்போடு வெளியே போய், புங்க மரத்தடியில் முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

"உங்க வூட்டுக்காரருக்கு மனசு வரல போலக்கா. ஒரு சொம்புக்கா இவ்வளவு? நீங்க சொன்னாக் கேக்க மாட்டாரா?"

பரிமளா ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டாள். பிறகு, "நான் சொல்லக் கூடாதுங்க. அவரு வேணாம்னா என் கப்பையும் திருப்பிக் கொடுத்துடுங்க. வந்த மாதிரியே போயிடுறோம்" என்றாள்.

குரலில் கோபம் இல்லை. ஆனால் கண் அந்த மரத்தடியை விட்டு நகரவே இல்லை.

சட்டி நன்றாகக் காய்ந்துவிட்டது. அடுப்பை அணைத்துவிடலாமா என்று ஹுஸ்னா யோசித்தபோது ராசாங்கம் திரும்பி வந்தார். கண்கள் சிவந்திருந்தன.

"நானே போடுறேன்மா."

இடுக்கியால் பிடித்து மெல்ல இறக்கினார். அடி முதலில் இளகியது. கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கொஞ்ச நேரத்தில் சட்டிக்குள் பளபளவென்று கண்ணாடி மாதிரி நின்றது ஈயம். பரிமளா இடுக்கியை அவரிடமிருந்து வாங்கித் தன் குவளையை அதற்குள் விட்டாள்.

மேலே மிதந்த கசடை வழித்தெடுத்துவிட்டு ஹுஸ்னா அச்சில் ஊற்றினாள். "இனிமே எது சொம்பு, எது கப்புன்னு யாராலயும் பிரிக்க முடியாதுண்ணே."

கட்டி ஆறும்வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"எடை போடட்டுமாக்கா? நல்ல விலை தரேன்."

"விக்கலைங்க" என்றாள் பரிமளா. "இதுலயே ஒரு குங்குமச் சிமிழ் வார்த்துக் கொடுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்."

"அட, விசேசமா! பொண்ணுக்குக் கல்யாணமாக்கா?"

ராசாங்கம் பரிமளாவைப் பார்த்தார். அவள்தான் பதில் சொன்னாள்.

"சொம்பு இவுங்க சம்சாரத்தோடது. கப்பு எங்க வூட்டுக்காரரு மலேசியாவுலேருந்து கொண்டாந்தது. ரெண்டு பேருமே இப்ப இல்லைங்க. வெள்ளிக்கிழமை செட்டிகுளத்துல எங்களுக்குத்தான் கல்யாணம்."